மீடிறன் வரைபா, போல்-ஸீரோவா?

மகள், இலத்திரனியல் வேலைக்கான நேர்முகத்துக்கு, சுற்றின் வெளியீடு மீடிறனோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் மீடிறன் வரைபு, சுற்றின் நடத்தையைத் தீர்மானிக்கும் போல், ஸீரோ என்ற சிக்கலெண்களைக் கணிக்கும் பகுப்பாய்வு, இந்த இரண்டில் எதைப் படித்துவிட்டுப் போவது என்று கேட்டிருந்தீர்கள். ஒலுவில் பொறியியல் பீடத்தில் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதுதான். மீடிறன் வரைபில் தொடங்குங்கள், ஆனால் அதோடு நிற்க வேண்டாம்.

சுற்றுகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் என்ஜிஸ்பைஸ் மென்பொருளில் 10 கிலோ ஓம் தடையி ஒன்றும் 1 நனோ பரட் கொள்ளளவி ஒன்றும் போட்டு, தாழ்ந்த மீடிறன்களை மட்டும் விடும் ஒரு சின்ன வடி கட்டிப் பாருங்கள். வரைபு 3 டெசிபல் இறங்கும் இடம் ஏறக்குறைய 15.9 கிலோ ஹேர்ட்ஸ். அதே சுற்றுக்கு போல்-ஸீரோ கட்டளை கொடுத்தால் போல் −1,00,000 என்று வரும். மென்பொருளில்தான் ஏதோ பிழை என்று பலர் மூடிவைத்துவிடுவது இந்த இடத்தில்தான். முதலாவது ஹேர்ட்ஸில், இரண்டாவது செக்கனுக்கு ஆரையனில். 1,00,000ஐ 6.28 (2π) ஆல் வகுத்தால் கணக்குச் சரி.

அப்படியானால் எதற்கு இரண்டு? மீடிறன் வரைபைத் தரும் ஏசி பகுப்பாய்வு, சுற்று ஏற்கெனவே அடங்கி நிலைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. தானாக அலையத் தொடங்கும் விரியலாக்கிக்கும் அது அழகான வளைகோடு ஒன்றை வரைந்து தந்துவிடும். போல் ஒன்றின் மெய்ப்பகுதி நேர்ப்பெறுமானமாக வந்தால்தான் குட்டு உடைகிறது. சந்தேகம் இருந்தால் நேரத்தோடு மாறும் பகுப்பாய்வையும் ஓட்டிப் பாருங்கள், வெளியீடு பெருத்துக்கொண்டே போகும்.

அதற்காக போல்-ஸீரோவை மட்டும் நம்பவும் முடியாது. திரான்சிஸ்டர்கள் கூடக்கூட போல்களும் குவியும். சிலவேளை கணக்கு ஒருங்காமல் நின்றும் விடும். எது முக்கியமான போல் என்று கண்டுபிடிக்க மறுபடி வரைபுக்குத்தான் வர வேண்டும். இதேபோன்ற இன்னொரு மென்பொருளான எல்டிஸ்பைஸில் போல்-ஸீரோ கட்டளையே இல்லை, அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

நேர்முகத்தில் இரண்டு கட்ட விரியலாக்கி ஒன்றைத் தந்து, இரண்டாம் கட்டத்தின் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே மில்லர் கொள்ளளவி போட்டதும் ஒரு போல் மீடிறனில் கீழிறங்கி மற்றது ஏன் மேலே தள்ளப்படுகிறது என்று கேட்கலாம். அதை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்த உங்களுக்குச் சிக்கலெண் ஒன்றும் புதிதல்ல.

அப்பாவுக்கும் ஒரு வார்த்தை: இந்த வேலைகள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம்தான், மட்டக்களப்பில் எதிர்பார்க்காதீர்கள். பயிற்சிக்கு இப்போதைக்குச் செலவில்லை. இரண்டு மென்பொருளும் இலவசம், வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியே போதும்.