'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்' பாடலைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின?

"இணையத்தின் மிக மர்மமான பாடல்" என்று பெயர் பெற்றிருந்த ஜெர்மானிய நியூ வேவ் (சிந்தசைசர் என்னும் மின்னணுக் கருவியின் ஒலி மிகுந்த, 1980களின் பாப் இசை வகை) பாடலைப் பாடியவர்கள் யார் என்று தெரிய ஏன் இவ்வளவு காலம் பிடித்தது, இறுதியில் எப்படித் தெரிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டிலிருந்து இந்தத் தேடலை ஆர்வத்தோடு பின்தொடர்ந்தவன் என்ற முறையில் நான் காணும் முதன்மையான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாடல் எங்கோ, ஏதோ ஒரு சிறு நிறுவனத்தின் இசைத்தட்டில் வெளிவந்திருக்கும் என்று நம்பித் தேடினார்கள். ஆனால் அக்காலத்தில் அது இசைத்தட்டாக விற்பனைக்கு வரவே இல்லை.

1980களின் முற்பாதியில், வட ஜெர்மனியைச் சேர்ந்த பதின்ம வயதுச் சிறுவன் ஒருவன், என்.டி.ஆர் என்னும் வட ஜெர்மானியப் பொது வானொலியில் தனக்குப் பிடித்த பாடல்கள் ஒலித்தபோதெல்லாம் அவற்றைக் கேசட்டில் பதிவு செய்துகொண்டிருந்தான். பாடல்கள் மட்டும் இடையூறின்றிக் கேட்க வேண்டும் என்பதற்காக அறிவிப்பாளரின் பேச்சை அவன் பதிவிலிருந்து நீக்கிவிட்டான். குழுவின் பெயரும் பாடலின் பெயரும் அந்தப் பேச்சோடு போய்விட்டன. அவனுடைய சகோதரி 2007இல் இந்தப் பாடலின் ஒரு பகுதியை இணையத்தில் ஏற்றி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டார். பல ஆண்டுகள் உருப்படியான பதில் வரவில்லை. 2019இல் பிரேசில் நாட்டு இளைஞர் ஒருவர் அதை மீண்டும் பரப்பிய பிறகுதான், உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் தேடலில் சேர்ந்தார்கள்.

அவர்கள் பயன்படுத்திய வழிமுறைகளைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பதிவின் அலைவரிசைப் படத்தை, அதாவது ஒலியில் உள்ள அதிர்வெண்களைக் காட்டும் வரைபடத்தை, ஆராய்ந்தபோது 10 கிலோஹெர்ட்ஸ் இடத்தில் ஒரு மெல்லிய கோடு தொடர்ந்து ஓடுவதைக் கண்டார்கள். அதே காலத்தில் என்.டி.ஆரிலிருந்து பதிவான மற்றப் பாடல்களிலும் அந்தக் கோடு இருந்தது. ஆகவே பாடல் ஒலிபரப்பான நிலையம் எது என்பது, பதிவு செய்தவரின் நினைவை மட்டும் சார்ந்திராமல், ஒலிநாடாவின் சாட்சியத்தாலேயே உறுதியாயிற்று. அடுத்து, பாடலில் கேட்கும் சிந்தசைசரின் ஒலி யமஹா டி.எக்ஸ் 7 கருவியுடையது என்று கணித்தார்கள். அந்தக் கருவி 1983இல்தான் சந்தைக்கு வந்தது என்பதால், பாடல் அதற்கு முந்தையதாக இருக்க இயலாது. பாடலின் வரிகள் பல தெளிவாகப் புரியாத நிலையிலும், இடத்தையும் காலத்தையும் இவ்வளவு நெருக்கமாகக் குறுக்க முடிந்தது என்பது எளிய செயல் அன்று.

இருந்தும் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. ஒலியைக் கேட்டுப் பாடலை அடையாளம் காட்டும் செயலிகள் தம் சேமிப்பில் ஏற்கெனவே உள்ள பதிவுகளோடுதான் ஒப்பிடுகின்றன. வெளிவராத பாடலுக்கு அங்கே இணை கிடைக்காது. இசைத்தட்டுகளின் பட்டியல் தளங்களும் வெளியீடுகளையே பட்டியலிடுகின்றன. ஜெர்மனியின் இசைப் பதிப்புரிமை அமைப்பான கெமாவின் பதிவேட்டிலும் தலைப்போ இயற்றியவர் பெயரோ தெரிந்தால்தான் எதையும் தேட இயலும். பாடகரின் ஆங்கில உச்சரிப்பைக் கொண்டு ஆஸ்திரியா என்றும் கிழக்கு ஐரோப்பா என்றும் பலர் ஊகித்தது தேடலை மேலும் வெகுதொலைவுக்கு இழுத்துச் சென்றது. இடையில், பாடல் தம்முடையது என்று உரிமை கோரியவர்களும் இருந்தனர், அவை நிலைக்கவில்லை.

திருப்பம் வந்தது பழைய செய்தித்தாள்களிலிருந்து. அக்காலத்தில் என்.டி.ஆர் ஹோர்ஃபெஸ்ட் என்ற பெயரில் புதிய இசைக்குழுக்களுக்கான போட்டி ஒன்றை நடத்தியது. வெளியீடு எதுவும் இல்லாத ஒரு குழுவின் ஒலிநாடா வானொலி நிலையத்துக்குள் எப்படி நுழைந்திருக்கும் என்று எண்ணினால், இத்தகைய போட்டியே இயல்பான வாசல். ரெடிட் என்னும் இணையக் கலந்துரையாடல் தளத்தில் இயங்கிய ஒருவர் அந்தப் போட்டியைச் சார்ந்த குழுக்களைச் செய்தித்தாள் காப்பகங்களில் தேடிச் சென்றபோது, கீல் நகரைச் சேர்ந்த ஃபெக்ஸ் என்ற குழுவைப் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. அக்குழுவில் கீபோர்டு வாசித்த மிக்கேல் ஹேட்ரிச்சுக்கு அவர் எழுதினார். ஹேட்ரிச் தம்மிடமிருந்த பழைய பதிவுகளை அனுப்பினார். அவற்றுள் ஒன்று அந்தப் பாடலாக இருந்தது. 2024 நவம்பரில் உலகத்துக்கு விடை தெரிந்தது: பாடலின் பெயர் 'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்', பாடியவர் தூரே ரூக்வார்ட்.

கீல், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் தலைநகர், என்.டி.ஆரின் ஒலிபரப்பு எல்லைக்கு உட்பட்ட ஊர். உள்ளூர்க் குழுவின் பாடலை உள்ளூர் வானொலி ஒலிபரப்பியது, உள்ளூர்ச் சிறுவன் பதிவு செய்தான் என்பதே முழு வரலாறு. பாடலின் ஆங்கிலத்தைக் கேட்டுத் தொலைவுக்குப் போகாமல், ஒலிபரப்பு எல்லைக்குள் இருந்த ஊர்களின் செய்தித்தாள்களை முதலிலேயே புரட்டியிருந்தால் விடை இன்னும் முன்னதாகக் கிடைத்திருக்கும் என்றே எண்ணுகிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 2007இல் அந்தச் செய்தித்தாள்களை வீட்டிலிருந்தபடியே தேடும் வசதி பெரும்பாலோருக்கு இல்லை.

இக்குழு ஏன் அறியப்படாமல் போனது என்பதற்கும் அக்காலத்துச் சூழலே ஓரளவு விடை தருகிறது. 1980களின் தொடக்கத்தில் ஜெர்மானிய இசை நிறுவனங்கள் ஜெர்மன் மொழியில் பாடிய புதிய அலைக் குழுக்களைத் தேடித் தேடி ஒப்பந்தம் செய்தன. 1984 அளவில் அந்த வேகம் அடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் பாடிய, பெருநகரம் அல்லாத ஊரைச் சேர்ந்த ஒரு குழு அப்போது கதவைத் தட்டியிருந்தாலும் திறக்க ஆளில்லை. பாடலின் தரம் குறைவு என்று யாரேனும் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். ஆழ்ந்த குரலும், அதைச் சுற்றி வரும் கீபோர்டின் குளிர்ந்த இழையும், தளராத பாஸ் ஒலியும் அக்காலத்துப் புகழ்பெற்ற நியூ வேவ் பாடல்கள் பலவற்றுக்குச் சமமானவை.

நீங்கள் இதுவரை வானொலிப் பதிவை மட்டுமே கேட்டிருந்தால், குழுவினரிடமிருந்து கிடைத்த பதிவையும் அவசியம் கேளுங்கள். தங்கள் பாடலை உலகம் தேடிக்கொண்டிருந்தது என்பதையே அறியாதிருந்தவர்கள் பாதுகாத்து வைத்திருந்த பதிவு அது. பல ஆண்டுகளாக வாதிடப்பட்ட சொற்கள் பலவற்றை அதில் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்க முடிகிறது.