ஜாவாவோடு இணைந்த சி நிரலில் மெமரி லீக்கை எப்படிச் சரிசெய்வது?

ஜாவா தன் பொருள்களை வைக்கும் ஹீப்பின் அளவு ஏறவில்லை, புராசஸின் மொத்த மெமரி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்கிறீர்கள். ‘தினமும் ராத்திரி ரீஸ்டார்ட் போட்டுவிடு’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலை. கேமரா படத்தை ஜாவா வாங்கி, ஜேஎன்ஐ (ஜாவாவையும் சி நிரலையும் இணைக்கும் பாலம்) வழியாகச் சி நிரலுக்குக் கொடுக்கும். அது தோலின் பரப்பைச் சதுர அடியில் சொல்லும். சில நாள் ஒழுங்காக ஓடும், சில நாள் மதியத்துக்குள் மெமரி தீர்ந்து லினக்ஸே புராசஸைக் கொன்றுவிடும். வேலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் மூன்று நாள் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கிழிசல் தோல் அதிகமுள்ள லாட் வந்தால்தான் விழுகிறது என்பது அங்கே உட்கார்ந்ததால்தான் தெரிந்தது.

ஜாவா ஹீப்புக்கு வெளியே வாங்கும் மெமரியையும் கணக்குக் காட்டும் நேட்டிவ் மெமரி டிராக்கிங்கைப் போட்டு, ஜேசிஎம்டி என்ற ஜாவா கருவியில் பேஸ்லைன் (ஒப்பிடுவதற்கான தொடக்கக் கணக்கு) எடுத்து, கிழிசல் தோலாக ஓட்டிவிட்டு ஒப்பிட்டேன். ‘இன்டர்னல்’ வரி மட்டும் ஏறியிருந்தது. ஜாவாவின் பைட் அரேயைச் சி நிரலுக்குக் கொடுக்கும் ஜேஎன்ஐ ஃபங்ஷன் கெட்பைட்அரேஎலிமென்ட்ஸ்; அது எடுக்கும் பிரதி, ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்மான ஹாட்ஸ்பாட்டில் அந்தக் கணக்கில்தான் விழும். நிரலைத் திறந்தால், ஓரம் கிழிந்த தோல் என்றதும் நடுவிலேயே ரிட்டர்ன். பிரதியை ரிலீஸ் செய்யும் வரி அதற்குக் கீழே, அதனால் அது ஓடவே இல்லை. எல்லா வழியும் ஒரே இடத்தில் போய் முடியும்படி மாற்றினேன். படத்தைப் படிக்க மட்டும் செய்வதால், தரவைத் திருப்பி எழுதாத ஜேஎன்ஐ_அபார்ட் கொடுத்து விடுவித்தேன். எனக்கு முன்னால் ஒருவர் ஜேஎன்ஐ_கமிட் போட்டுப் பார்த்திருந்தார். அது தரவைத் திருப்பி எழுதுமே தவிர, பிரதியை விடுவிக்காது.

ஜேஎன்ஐ பழசு, சி நிரலை அழைக்க ஜாவா 22இல் உள்ள புதிய வழியான ஃபாரின் ஃபங்ஷன் அண்ட் மெமரி ஏபிஐக்கு மாறு என்று சொல்ல வருகிறவர்களுக்கு: அங்கே ஓடுவது ஜாவா 8. ஓடுகிற தொழிற்சாலையை நிறுத்திவிட்டு மாற்ற முடியாது.

இவ்வளவும் செய்த பிறகு, சம்பள உயர்வு கேட்டபோது ‘வேலூர்தானே, அங்கே செலவு கம்மி’ என்றார்கள். சென்னையில் இருக்கிறவர் ரீஸ்டார்ட் போடச் சொன்னதற்கு வாங்கியது என்னைவிட அதிகம். செலவைப் பார்த்தா வேலைக்குக் கூலி? இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். ‘இன்டர்னல்’ ஏறவில்லை என்றால் சி நிரல் தானே செய்யும் மாலாக்கை, அதாவது அது நேரடியாக மெமரி வாங்குவதை, சந்தேகப்படுங்கள். அது ஜேவிஎம்மின் கணக்கில் வராது. மாலாக்குக்கு மாற்றான ஜெமாலாக் லைப்ரரியை, மெமரி வாங்குவதைப் பதிவுசெய்யும் புரொஃபைலிங்கோடு எல்டி_பிரீலோட் என்ற லினக்ஸ் அமைப்பில் ஏற்றி ஓட்டினால் எந்த ஃபங்ஷன் என்று காட்டிவிடும். அப்புறம், பிழை வரும் உள்ளீட்டையே திரும்பத் திரும்பக் கொடுத்து ஓட்டுங்கள்.