கீமோவுக்குப் பின் நுரையீரலில் திட்டு: காசநோய் மாத்திரைக்கு அவசரம் வேண்டாம்

கேள்வி: கணவருக்கு ஏ.எம்.எல். ரத்தப் புற்றுநோய். முதல் கீமோ முடிந்து 19 நாளாகிறது. ஆறு நாளாகக் காய்ச்சல், வறட்டு இருமல். சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் திட்டு தெரிகிறது. காசநோய் மாத்திரை தொடங்கலாம் என்கிறார் ஊர் மருத்துவர். பூஞ்சைக்கான ஊசியைப் பாதி விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?
- வாசகி, ஈரோடு

பதில்: கீமோ கொடுத்த மருத்துவமனைக்கு அவரை இன்றே அழைத்துப் போங்கள். இந்தக் கட்டத்தில் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். ஆறு நாள் வீட்டில் வைத்திருந்தது உங்கள் தவறல்ல. யாரும் உங்களிடம் அதைச் சொல்லி அனுப்பவில்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோபில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே பத்து நாளுக்கு மேல் கிடந்தால் பூஞ்சைதான் முதல் சந்தேகம். பூஞ்சைகளில் அஸ்பர்ஜில்லஸ் அடிக்கடி வரும், கரும்பூஞ்சை எனப்படும் மியூகர் அரிது. நுரையீரலுக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுக்கும் நீரில் பூஞ்சை, காசநோய் இரண்டையும் பரிசோதிக்கலாம். உறுதியாகாமல் காசநோய் மாத்திரை வேண்டாம். அதிலுள்ள ரிஃபாம்பிசின், அஸ்பர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோலை ரத்தத்தில் தங்கவிடாது. ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை நீடிக்கும்.

அந்தப் பாதி விலைக்காரரிடம் எதையும் வாங்காதீர்கள். 2021-இல் கரும்பூஞ்சை பரவியபோது இவர்கள் ஆடிய ஆட்டத்தை நேரில் பார்த்தவன் நான். பூஞ்சைக்கான ஊசியான ஆம்போடெரிசினில், குழப்பம் வருவது இரண்டு வகையில். இரண்டுமே 50 மில்லிகிராம் குப்பி, இரண்டுமே மஞ்சள் தூள். லைப்போசோமல் என்று அச்சிட்ட வகையில், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு குப்பி வரை ஏற்றுவார்கள். பழைய வகையில் ஒரு குப்பி, மிஞ்சிப்போனால் அதைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பெயர் மாறி அதே ஆறு குப்பி ஏறினால் சிறுநீரகம் போகும், இதயமே நின்றுவிடலாம். அட்டைப்பெட்டி, தொகுதி எண், ரசீது மூன்றும் இல்லாத குப்பியை வார்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இன்றே மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் கொடுங்கள். அனுமதி வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடுவதை மட்டும் ஏற்காதீர்கள்.

ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்: இது ஏ.எம்.எல்.-இல் எம்3 வகையா? அந்த வகைக்கு ஏ.டி.ஆர்.ஏ. மாத்திரையோ ஆர்சனிக் ஊசியோ கொடுக்கும்போது, கிருமியே இல்லாமல் காய்ச்சல், மூச்சுத்திணறல், கால் வீக்கம், திடீர் எடை கூடுதல் வரலாம். அதற்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைச் சந்தேகம் வந்த உடனே தொடங்க வேண்டும். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. எம்3 இல்லையென்றால் அந்த ஸ்டீராய்டே பூஞ்சைக்குத் தீனியாகிவிடும். நோய் வகை எழுதிய முதல் எலும்பு மஜ்ஜை அறிக்கையை மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.