ஸ்டார்ச் ஸ்ப்ரே அடித்துத் தேய்த்தால் வேட்டியில் வெள்ளைத் திட்டு விழுவது ஏன்?

செங்கோட்டையில் சாரல் காலத்தில் கஞ்சி முக்கினால் துணி காய்வதில்லை, அதனால் ஸ்ப்ரேக்கு மாறினோம், இப்போது வெள்ளைத் திட்டு விழுகிறது, இஸ்திரிப் பெட்டியிலும் ஒட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்டார்ச் நூலுக்குள் ஊறுவதற்கு முன்பே சூடு பட்டால் அது மேலேயே காய்ந்து செதிலாக உதிரும். திட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். டப்பாவை நன்றாகக் குலுக்குங்கள். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் மெல்லிய பனிபோல அடியுங்கள். பிறகு வேட்டியைச் சுருட்டி ஐந்து நிமிடம் வையுங்கள். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், கையில் பிசுபிசுக்கக் கூடாது, அப்போது தேயுங்கள். மொடமொடப்பு போதவில்லையா? இன்னொரு முறை லேசாக அடிக்கலாம், ஒரேயடியாக நனைக்க வேண்டாம்.

பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஸ்டார்ச் கருகிப் பழுப்புக் கறை விழும், அடித்தகட்டிலும் படியும். ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்தக் கறை அடுத்த வெள்ளைச் சட்டையில் இறங்கும்.

கசவு வேட்டியின் ஜரிகைக் கரையில் ஸ்ப்ரே படாமல், மறுபுறம் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டுத் தேயுங்கள். அடர்நிறச் சட்டைக்கும் உள்புறம்தான் அடிக்க வேண்டும். பட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

வீட்டிலேயே செய்வதானால், அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கூவைமாவு (ஆரோரூட் மாவு). முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடிபோலத் தெளியும் வரை காய்ச்சி, ஆறியதும் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் ஸ்ப்ரே வாய் அடைத்துக்கொள்ளும். இரண்டு நாளில் புளித்துவிடும், அன்றன்றைக்குச் செய்வதே நல்லது.

மழைக்காலத்தில் ஸ்டார்ச் போட்ட துணியை மாதக்கணக்கில் பீரோவில் மடித்து வைக்காதீர்கள். பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சி அரிக்கும்.