கொரோலா காரின் உள்கூரைத் துணி ஒட்டியும் தொங்குகிறதா?

பசை அடித்து ஒட்டிய உள்கூரைத் துணி திரும்பவும் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிழை பசையில் இல்லை. துணிக்குப் பின்னாலுள்ள மெல்லிய ஸ்பொஞ்ச் கொழும்பு வெக்கைக்கும் ஈரக்காற்றுக்கும் மக்கித் தூளாகியிருக்கும். தூளில் எந்தப் பசையும் நிற்காது.

துணி ஒட்டியிருக்கும் கூரைப் பலகையைக் கழற்றத்தான் வேண்டும். கூரையைத் தாங்கும் தூண்களின் மூடியில் எயார்பாக் என்று எழுதியிருந்தால் முதலில் பற்றரியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். பலகை மடிந்தால் அந்தக் கோடு புதுத் துணியிலும் தெரியும், கவனம். அப்புறம் மாஸ்க் போட்டுக்கொண்டு பழைய ஸ்பொஞ்சைப் பிரஷால் தேயுங்கள். விரலால் தடவினால் தூள் ஒட்டக்கூடாது, அதுவரை விடாதீர்கள். முக்கால்வாசி வேலை இதுதான்.

ஸ்பொஞ்ச் ஒட்டிய துணியாகவே வாங்குங்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் விசாரித்துப் பாருங்கள். சூடு தாங்கும் பசையைப் பலகையிலும் துணியின் ஸ்பொஞ்ச் பக்கத்திலும் அடித்து, பிசுபிசுப்பு வந்ததும் நடுவிலிருந்து பாதி பாதியாக ஒட்டுங்கள்.