ஹூவர் எப்படிப் பணக்காரர் ஆனார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹெர்பர்ட் ஹூவர் என்றால் 1929 பங்குச் சந்தைச் சரிவின்போது இருந்த அமெரிக்க அதிபர் என்று மட்டும்தான் தெரியும். அதற்கு முன் அவர் சுரங்கப் பொறியாளராக ஆஸ்திரேலியா, சீனா, பர்மா, ரஷ்யா என்று தொழில் செய்தவர் என்பதைச் சமீபத்தில்தான் படித்தேன். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர் 40 வயதுக்குள் பெரும் பணக்காரர் ஆனது முழுக்கத் திறமையால்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

திறமை நிச்சயம் உண்டு. 1895-ல் ஸ்டான்ஃபோர்டில் நிலவியல் படித்து முடித்தவர், பொறியாளர் வேலை கிடைக்காமல் கலிஃபோர்னியாவில் சுரங்கத்துக்குள் தாது வண்டி தள்ளினார். 1897-ல் லண்டனின் பெவிக் மோரிங் நிறுவனம் அவரை மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியபோது வயது 22. அங்கே 'சன்ஸ் ஆஃப் குவாலியா' தங்கச் சுரங்கத்தை வாங்கலாம் என்று சொன்னவர் அவர்தான். அது 1963 வரை ஓடியது. பின்னாளில் ஆஸ்திரேலியாவின் இன்னொரு சுரங்க ஊரான புரோக்கன் ஹில்லில் மலைபோல் குவிந்து கிடந்த கழிவிலிருந்து துத்தநாகம் எடுக்கும் முயற்சியிலும் அவருக்குப் பங்கு உண்டு. வேண்டாமென்று கொட்டியதில் காசு பார்க்கும் அந்தக் கண் அபூர்வமானது.

ஆனால் குவாலியாவில் மேலாளரானதும் வேலை நேரத்தைக் கூட்டினார், இத்தாலியத் தொழிலாளர்களை இறக்கிக் கூலிச் செலவைக் குறைத்தார். லண்டன் முதலாளிகளுக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு இதுவும் காரணம்.

சீனாவில் நடந்தது இன்னும் மோசம். 1900-ல் அந்நியருக்கு எதிரான பாக்ஸர் கலகம் வெடித்து அந்நியப் படைகள் நுழைந்த நேரம். கைப்பிங் நிலக்கரிச் சுரங்கத்தின் தலைவர் சாங் யென்-மாவ், சுரங்கம் பறிபோய்விடும் என்ற பயத்தில் அதைப் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் பெயருக்கு மாற்றச் சம்மதித்தார். பேரத்தை முன்னின்று நடத்தியவர் ஹூவர். நிர்வாகத்தில் சீனர்களுக்கு இடம் உண்டு என்று எழுதிக் கொடுத்த உறுதி காப்பாற்றப்படவில்லை. சாங் லண்டன் வரை போய் வழக்குப் போட்டார். 1905-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தும் சுரங்கம் திரும்பி வரவில்லை. ஹூவரோ 1901-லேயே பெவிக் மோரிங்கில் பங்குதாரர் ஆகிவிட்டார். அவருடைய செல்வத்துக்கு அடித்தளம் இந்தக் காலத்தில்தான் விழுந்தது. எனக்கு இதை வெறும் திறமை என்று சொல்ல மனம் வரவில்லை.

அப்புறம், நம்மைத் தொடும் ஒரு விஷயம். 1909-ல் அவர் எழுதிய 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் மைனிங்' நூலில், தொழிற்சங்கங்கள் முதலாளிகளின் பலத்துக்கு நியாயமான மாற்று மருந்து என்கிறார். குவாலியாவில் அப்படி நடந்துகொண்டவர் இவ்வளவு தூரம் மாறியது பெரிய விஷயம். அதே நூலில், சாதாரணச் சுரங்க வேலையில்கூட ஒரு வெள்ளைக்காரர் இரண்டு மூன்று ஆசியர்களுக்கோ கறுப்பர்களுக்கோ சமம் என்றும் எழுதுகிறார். அதற்குச் சான்றாக ஆஸ்திரேலியச் சுரங்கங்களோடு கோலார் சுரங்கங்களை ஒப்பிடுகிறார். கோலாரில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். கூலி மலிவாகக் கிடைக்கும் இடத்தில் முதலாளி இயந்திரத்துக்கு ஏன் செலவழிக்கப் போகிறார்? கையால் செய்பவரையும் இயந்திரத்தால் செய்பவரையும் பக்கத்தில் நிறுத்தி, வித்தியாசத்தை இனத்தின் கணக்கில் எழுதிவிட்டார். இவ்வளவு கூர்மையான பொறியாளர் அதைக் கவனிக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.