தவளைக்கு முதல் மருந்து தண்ணீர்

வளர்ப்புயிர் நலம்: வாசகர்களின் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதிலளிக்கிறார்

கேள்வி: நாங்கள் கனடாவில் டொராண்டோ நகரில் வசிக்கிறோம். பதினொரு வயதான என் மகன் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை ஒன்றை மூன்று ஆண்டுகளாக வளர்த்து வருகிறான். பத்து நாள்களாக அது எதையும் உண்ணவில்லை. கிளையில் ஏறாமல் நாள் முழுவதும் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறது. தொடையின் அடிப்பகுதி சிவந்தாற்போல் தெரிகிறது. ஊரில் மீன்தொட்டிக்குச் செய்வதைப் போலக் குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்துத்தான் ஊற்றுகிறோம். தொட்டியின் அடியில் சிறு கூழாங்கற்கள் பரப்பியிருக்கிறோம். வீட்டிலுள்ள ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கலாமா? சிவந்த இடத்தில் காயத்துக்குப் போடும் களிம்பைத் தடவலாமா? மகன் இரவில் எழுந்து எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறான்.
– ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: மாத்திரையும் வேண்டாம், களிம்பும் வேண்டாம். முதலில் தண்ணீரை மாற்றுங்கள். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை; அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோல் வழியாகவே அது தனக்கு வேண்டிய நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தத் தோல் தண்ணீரை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுத்துவிடும் வேலி அன்று. நீங்கள் கலக்கும் மாத்திரைப் பொடி எவ்வளவு உடலுக்குள் போகும் என்பதை உங்களாலும் அளக்க முடியாது, என்னாலும் முடியாது. களிம்பு இன்னும் ஆபத்தானது. வலி தெரியாமலிருக்க மரத்துப்போகச் செய்யும் மருந்து சேர்த்த களிம்புகள் கடைகளில் நிறைய உள்ளன. மனிதருக்குச் சாதாரணமான அந்த மருந்தே தவளையின் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

தண்ணீரை ஓர் இரவு திறந்து வைப்பது, குளோரின் மட்டும் கலந்த தண்ணீருக்குப் பொருந்தும் வழக்கம். டொராண்டோவின் குடிநீரில் குளோரினோடு அம்மோனியாவும் சேர்க்கப்படுவதால் அது குளோரமினாக நிற்கிறது. குளோரமின் நெடுந்தொலைவுக் குழாய்களிலும் கலையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படுவது; ஓர் இரவு பாத்திரத்தில் வைத்ததால் போய்விடாது. ஆகவே மீன்தொட்டிக் கடைக்குச் சென்று, குளோரமினையும் நீக்கும் என்று புட்டியிலேயே அச்சிட்டிருக்கும் வாட்டர் கண்டிஷனரை வாங்கி, சொல்லியிருக்கும் அளவில் கலந்து பயன்படுத்துங்கள். மிகவும் தூய்மையானது என்று எண்ணிக் காய்ச்சி வடித்த நீரை நாள்தோறும் ஊற்றிவிடாதீர்கள். உப்புகளே இல்லாத நீரில் தொடர்ந்து கிடந்தால் தவளையின் உடலிலுள்ள உப்புகள் குறைந்துவிடும்.

அடுத்து, இன்றே ஒரு தனிப் பெட்டியைத் தயார் செய்யுங்கள். மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டி போதும். அடியில் வண்ணமோ வாசனையோ இல்லாத காகிதத் துவாலையை, கண்டிஷனர் கலந்த நீரில் நனைத்து விரியுங்கள். அதை அன்றாடம் மாற்ற வேண்டும். தவளை ஒளிந்துகொள்ள ஓர் இலைக்கொத்து, உட்கார்ந்தால் மூக்கு நன்றாக மேலே நிற்கும் அளவுக்கு ஆழமில்லாத ஒரு கிண்ணம், இவ்வளவுதான் அதற்குத் தேவை. வெள்ளைத் துவாலை விரிப்பதில் ஒரு நன்மை உண்டு: கழிவின் நிறம், அதிலுள்ள ரத்தம், உரிந்த தோல் யாவும் பளிச்சென்று தெரியும். பகலில் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருக்கட்டும். கையால் தொட்டு ஊகிக்காமல் வெப்பமானி வைத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் அறை ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும் என்பதால் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். கிண்ணத்தை விட்டு அது வெளியே வராமலிருப்பதற்கு உலர்ந்த காற்றும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிவப்பைப் பற்றி அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். ஆனால் அலட்சியமும் கூடாது. இந்த இனத்தின் தொடைப் பின்புறம் இயல்பிலேயே மஞ்சளாகவோ கருஞ்சிவப்பாகவோ இருப்பதுண்டு. தவளையைத் தெளிவான கண்ணாடிப் பெட்டியில் விட்டு, பெட்டியைத் தூக்கிக் கீழிருந்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நலமாக இருந்தபோது மகன் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றோடு ஒப்பிடுங்கள். முன்பு வெண்மையாக இருந்த வயிற்றிலும் விரல்களுக்கு இடையிலும் புதிதாகச் சிவப்புப் புள்ளிகள் தோன்றியிருந்தால், அது ரத்தத்தில் பாக்டீரியா பரவுவதால் வரும், செங்கால் நோய் என்று சொல்லத்தக்க நிலையாக இருக்கக்கூடும். அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு. ஆனால் அதைத் தவளையின் எடையைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும்.

தவளையும் தன் வாயால் கெடும் என்பார்கள். கூழாங்கல் பரப்பிய தொட்டியில் அது எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிடுகிறது. அசையும் பூச்சியின் மேல் பாய்கிற தவளை, பூச்சியோடு ஒட்டிய கல்லையும் விழுங்கிவிடும். கல் குடலை அடைத்துக்கொண்டால் உணவு இறங்காது. வயிறு ஒரு பக்கமாகப் புடைத்திருக்கிறதா, கழிவு வந்து எத்தனை நாளாயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள். உடல் முழுவதும் பலூன்போல உப்பியிருந்தால் அது நீர்க்கோவை. ஊசியால் குத்தி நீரை எடுக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கல்லா நீரா என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும்.

பட்டினியைக் கண்டு வாயைத் திறந்து உணவைத் திணிக்கவும் வேண்டாம். நன்கு வளர்ந்த இந்த வகைத் தவளை ஒன்றிரண்டு வாரப் பட்டினியைத் தாங்கும். வலுக்கட்டாயமாகத் திறந்தால் தாடை முறிந்துபோகலாம். சமையலறைத் தராசில் இரண்டு நாள்களுக்கு ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். தொட நேரும்போதெல்லாம் பவுடர் இல்லாத கையுறையைக் கண்டிஷனர் நீரில் அலசி, ஈரத்தோடு அணியுங்கள்.

இவையெல்லாம் மருத்துவரிடம் போகும்வரைதான். தவளை நோயை வெளியே காட்டும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். எனவே அயல்நாட்டு வளர்ப்புயிர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் நாளையே நேரம் வாங்குங்கள். தவளையைத் திருப்பிப் போட்டால் தானே நிமிராத நிலை, வாய் திறந்தபடி மூச்சு வாங்குதல், பின்பக்கத் துவாரத்தில் சதை பிதுங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் இன்றே போக வேண்டும். பெட்டியைத் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, குளிர் தாக்காமல் எடுத்துச் செல்லுங்கள். புதிய கழிவையும் தொட்டியின் படத்தையும் கொண்டுபோங்கள்.

தோல் அளவுக்கு மீறி உரிந்தால் மருத்துவர் பஞ்சுக்குச்சியால் தோலைத் தடவிக் கைட்ரிட் பூஞ்சைக்கான சோதனை செய்வார். 1999இல் பெயரிடப்பட்ட இந்தப் பூஞ்சை, தவளைத் தோலின் உப்புப் போக்குவரத்தைக் குலைத்து இதயத்தையே நிறுத்திவிடும். உலகெங்கும் குறைந்தது 501 இனங்களின் வீழ்ச்சிக்கும், அவற்றுள் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படும் நிலைக்கும் இதுவே காரணம் என்று 2019இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. ஆதலால் சோதனை முடியும்வரை தொட்டித் தண்ணீரைத் தோட்டத்திலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். பிளீச் கலந்து வைத்திருந்து, பிறகு வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள்.

மகனிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள். எடை, கழிவு, நீர் மாற்றிய நேரம் ஆகியவற்றை அவன் கையாலேயே ஒரு நோட்டில் எழுதட்டும். இரவில் எழுந்து பார்ப்பவனுக்கு அது ஆறுதலாக இருக்கும். மருத்துவருக்கும் அந்த நோட்டைவிடச் சிறந்த உதவி கிடையாது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். தவளைகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமப்பவை. 2009க்கும் 2011க்கும் இடையில் அமெரிக்காவில் வளர்ப்புத் தவளைகளால் பரவிய தொற்றில் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளே. வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் விட வேண்டாம்.

கேள்வி: என் தவளை பசியோடு வெட்டுக்கிளியின் மேல் பாய்கிறது; ஆனால் நாக்கு அதில் ஒட்டாமல் நழுவிவிடுகிறது. நான்கைந்து முறை முயன்றபின் ஓய்ந்துவிடுகிறது. கண்பார்வை போய்விட்டதா?
– ஒரு வாசகர், லெஸ்டர்

பதில்: குறி சரியாகப் பாய்கிறது என்றால் கண் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நாக்கில் பசை குறைந்திருக்கிறது என்றே சந்தேகிக்கிறேன். வைட்டமின் ஏ குறையும்போது நாக்கிலுள்ள கோழைச் சுரப்பிகள் கெட்டு, நாக்கு இரையைப் பிடிக்கும் தன்மையை இழந்துவிடும். அமெரிக்காவில் காப்பிடங்களில் வளர்க்கப்பட்ட வயோமிங் தேரைகளிடம் இக்குறை கவனிக்கப்பட்டது. பூச்சிகளுக்குக் கேரட் ஊட்டினால் போதும் என்பது பரவலான எண்ணம். கேரட்டிலுள்ள சத்தை வைட்டமின் ஏயாக மாற்றும் திறன் பல தவளைகளுக்கு மிகக் குறைவு. ரெட்டினால் வடிவில் வைட்டமின் ஏ உள்ள பொடியைத்தான் பூச்சிகளின் மேல் தூவ வேண்டும். அளவு மிஞ்சினால் அதுவும் நஞ்சு என்பதால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். அதுவரை இடுக்கியால் பூச்சியை வாயருகே அசைத்துக் காட்டுங்கள். நாக்கு வழுக்கினாலும் தாடையால் கவ்விக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் கிணற்றடியில் காலில் காயத்தோடு ஒரு தேரை கிடந்தது. மஞ்சள் தடவி வாளியில் வைத்திருக்கிறோம். குணமானபின் வீட்டிலேயே வளர்க்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் இரக்கத்துக்கு நன்றி. ஆனால் மஞ்சளைக் கழுவிவிடுங்கள். நம் காயத்துக்கு நல்லதெல்லாம் அந்தத் தோலுக்கு ஏற்றதன்று. கிணற்றுநீர் குளோரின் கலவாதது என்பதால் அதையே மெதுவாக ஊற்றிக் கழுவலாம். ஈரத்துணி விரித்த பெட்டியில், எறும்பு ஏறாத நிழலில் ஓர் இரவு வையுங்கள். எலும்பு வெளியே தெரிந்தாலோ காலை இழுத்து நடந்தாலோ அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தோல் மட்டும் உராய்ந்திருந்து, தத்தத் தொடங்கிவிட்டால் வளர்ப்பதற்கு வைத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் மாலை, வெயில் தாழ்ந்தபின், எடுத்த கிணற்றடியிலேயே விட்டுவிடுங்கள். அதன் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளில் நஞ்சுப் பால் இருக்கிறது; கை கழுவும்வரை உங்கள் கண்ணைத் தொடாதீர்கள்.